காரணம் எழுதும் கட்டம்

"பள்ளி திறந்ததிலிருந்து குழந்தை வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெற்றோர் நேரில் வரவும்." ஒன்றாம் வகுப்பு ஆசிரியை என் மகளின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் எழுதியிருந்த குறிப்பு இது. ஜூலை மாதத்தின் முதல் வியாழக்கிழமை. கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தது, நேரம் இல்லை. அதை என் நோட்டில் படியெடுத்தபோது "மாலை 6.40க்கு வாசித்தேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

தேதி போட்டு எழுதுவது என் பழக்கம். ஊர்க் குளம் எந்த வாரம் நிரம்பியது, எங்கள் வழித்தடத்தில் எந்தப் பேருந்து எப்போது நின்றுபோனது, தெருமுனை வேப்பமரத்தை எந்தக் கிழமை வெட்டினார்கள் என்று பதினோரு நோட்டுகள் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல முடியும் என்பதே எனக்கு ஒரு திருப்தி.

பிழைப்பு சோமனூரில். இருபத்து நான்கு விசைத்தறிகள் ஓடும் ஒரு குடோனில் ஷிஃப்ட் மேற்பார்வை. அங்கே ஸ்டாப்பேஜ் நோட்டு என்று ஒன்று உண்டு. தறி எண், நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், காரணம் என நான்கு கட்டங்கள். நீள நூலான பாவு அறுந்தது, குறுக்கு நூலான ஊடை தீர்ந்தது, ஊடையை ஓட்டும் நாடா சிக்கியது, கரண்ட் இல்லை. இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளி எனக்குச் சொன்னது, நேரம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, காரணக் கட்டம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான். பதினேழு வருடமாக அது காலியாக இருந்ததில்லை.

ஆகவே மறுநாள் பள்ளிக்குப் போய் வந்ததும் புது நோட்டு ஒன்றில் நான்கு கோடுகள் இழுத்தேன்.

ஆசிரியை நல்லவர். குழந்தை சொன்னதைச் செய்கிறாள், எழுதுகிறாள், படம் வரைகிறாள், வருகைப் பதிவுக்குக் கை தூக்குகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை என்றார். "அவளால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க சார். அதுதான் பயமா இருக்குது."

வீட்டில் அவள் பேசுகிறாள் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் மெதுவாகச் சொன்னாள். "என்கிட்ட பேசறாளுங்க. உங்ககிட்ட பேசி எத்தனை நாளாச்சுன்னு யோசிச்சீங்களா?"

நான் யோசிக்கவில்லை. சமையலறையில் இருவரும் பேசும் சத்தம் தினமும் கேட்கும். நான் உள்ளே போனால் நிற்கும். மகளுக்கு ஏதாவது வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லி அனுப்புவாள், இல்லையென்றால் என் விரலைப் பிடித்து இழுப்பாள். எனக்கு அது கொஞ்சலாகப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் பதினோராவது நோட்டைப் புரட்டினேன். ஏப்ரலில் ஒரு வரி இருந்தது: "நம்ம குடோனுக்கு ஏன் ஜன்னல் இல்லை என்று பாப்பா கேட்டாள்." அதற்குப் பிறகு மழை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, குளம் இருக்கிறது. அவள் என்னிடம் சொன்ன ஒரு சொல் கூட இல்லை. அவள் பேசாததால் இல்லையா, நான் எழுதாததால் இல்லையா என்பது அந்த நோட்டிலிருந்து தெரியவில்லை.

புது நோட்டின் காரணக் கட்டம் சீக்கிரம் நிரம்பியது. ஏப்ரல் கடைசியில் சோமனூரிலிருந்து சிங்காநல்லூருக்கு வீடு மாறினோம். அதுவரை குடோனுக்குப் பின்னாலேயே குடியிருந்தோம். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கியவள் அவள். கரண்ட் போனால்தான் விழித்துக்கொள்வாள். புது வீடு அமைதியான மாடி வீடு, அது ஒரு காரணம். புதுப் பள்ளி ஒரு காரணம். என் மனைவி மருந்துக் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தது ஒரு காரணம். காது கேட்கவில்லையோ என்று ஒரு கேள்விக்குறி. காது மருத்துவர் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாக மனநலச் சிகிச்சை செய்கிற ஒருவரைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்தார். கேள்விக்குறியை அடித்துவிட்டேன்.

குடோனில் இதைச் சொன்னபோது ஃபிட்டர் வெகுநேரம் சிரித்தார். "ஏனுங்க, எங்கூட்டுப் புள்ளைக தெருவுல சும்மாவே வெளையாடுதுங்க. அனுப்பி வெக்கட்டுங்களா?" எனக்கும் அதேதான் தோன்றியது. விளையாடுவதற்கு நேரம் குறித்து வாங்கிக்கொண்டு போவது விசித்திரமாக இருந்தது. இதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் வாங்கி வாசித்தேன். ஒன்றில் குழந்தைக்கு விளையாட்டுத்தான் பேச்சு என்று இருந்தது. மற்றதில் விளையாட்டைப் பேச்சாக மொழிபெயர்க்க முயலக் கூடாது என்று இருந்தது. இரண்டிலும் அடிக்கோடு போட்டேன்.

விளையாட்டுச் சிகிச்சை செய்கிற அந்தம்மாவின் இடம் பீளமேடு பக்கம், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த மாடி அறை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கரை முதல் ஐந்தேகால் வரை. முதல் நாள் அவர் சத்தத்துக்காக மன்னிப்புக் கேட்டார். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மில் ஓடும்போது தரை கூட அதிரும் என்றார். என் மகள் படியேறி வந்ததும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து அந்த அதிர்வைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள்.

கதவு திறந்திருந்த நேரத்தில் நான் பார்த்தது: பாய், மணல் நிரப்பிய ஒரு பெரிய தட்டு, களிமண், சின்னச் சமையல் சாமான்கள், பாம்பு, பசு, ஆம்புலன்ஸ், ஒரு குடும்பத்துப் பொம்மைகள், கூடையில் பல நிற நூல்கண்டுகள். பிறகு கதவு சாத்தப்பட்டது. நானும் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டேன், எதை எடுத்து விளையாடுவது என்று அவளே முடிவு செய்வாள், நான் கூட இருப்பேன் என்று அந்தம்மா சொல்லியிருந்தார். உள்ளே என்ன விளையாடினாள் என்று அவளிடம் கேட்காதீர்கள், நானும் பொதுவாகச் சொல்வேனே தவிர ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் அவள் இழுத்த இழுப்புக்கு விளையாடுங்கள், கேள்வி வேண்டாம், பாடம் வேண்டாம் என்றார்.

அந்தப் பதினைந்து நிமிடம் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அவள் தீப்பெட்டிகளை அடுக்கினால் என் வாய் தானாக "எத்தனை?" என்று கேட்கும். பசுவை வரைந்தால் வால் எங்கே என்று கேட்பேன். கேட்டதும் அவள் அடுக்கியதைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

உள்ளே நடப்பதைக் கேட்கக் கூடாது என்றார்களே தவிர பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே அவள் வெளியே வந்ததும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இரண்டாவது செவ்வாய்: பாவாடை ஓரத்தில் மணல். மூன்றாவது: இடது கை நகத்தில் களிமண், பச்சை நூல் துண்டு ஒன்று. நான்காவது: பச்சை நூல், மஞ்சள் நூல். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணக் கட்டத்தில் ஓர் ஊகம். மணலில் எதையோ புதைக்கிறாள் என்று ஒரு வாரம் எழுதினேன். மறுவாரம் அதை அடித்துவிட்டு, சமைக்கிறாள் என்று எழுதினேன்.

ஐந்தாவது செவ்வாயன்று அந்தம்மா பெஞ்சில் இருந்த நோட்டைப் பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கொடுத்தேன். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டே வாசித்தார். வீடு மாறியது, பள்ளி, அம்மாவின் வேலை, நூல், மணல், மாவு மில்லின் சத்தம் அவளுக்குப் பிடித்திருக்கலாம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாரும் இருக்கறாங்க சார். நீங்கதான் இதுல எங்கயுமே இல்லீங்க."

பிறகு, இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் கொஞ்ச நாள் காலியாக விட்டுப் பாருங்கள் என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவர் சொன்னது சரிதான். ஒன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அது மறதியால் விட்டதல்ல.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மனைவி மருந்துக் கடை வேலைக்குப் போயிருந்ததால் மகளைக் குடோனுக்கு அழைத்துப் போனேன். தறிகளுக்கு நடுவே சின்னவர்களை விடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அதைப் பிறருக்குச் சொல்கிறவனே நான்தான். ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒரு பாவு சரிசெய்யப் போனேன். ஊடை நூல் தீர்ந்து காலியான தார்க்குச்சிகளைப் பொறுக்குவது அவளுக்குப் பழைய விளையாட்டு. ஒரு குச்சி தறிக்கு அடியில் உருண்டுபோயிருக்க வேண்டும். நான் திரும்பியபோது அவள் கை ஓடும் பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அவளிடம் ஓடுவதைவிட மெயின் சுவிட்ச் எனக்குப் பக்கம். இழுத்துவிட்டேன். இழுத்துக்கொண்டே கத்தினேன். கையை எடு என்று மட்டும்தான். ஆனால் என் குரல் இருபத்து நான்கு தறிச் சத்தத்துக்கு மேலே கேட்பதற்குப் பழகிய குரல். பாதிக் கத்தலில் தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. மீதிப் பாதி அந்த அமைதியில் தனியாகக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அவள் குச்சியைப் பிடித்தபடி நின்றாள், அழவில்லை. கவுன் நனைந்திருந்தது. நான் அவளைத் தூக்கிக் கொண்டுபோய்க் கழுவிவிட்டேன். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டேன். ஸ்டாப்பேஜ் நோட்டில் காரணக் கட்டத்தில் "கரண்ட் இல்லை" என்று எழுதினேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்து எழுதியது. பதினேழு வருடத்தில் நான் அறிந்து எழுதிய ஒரே பொய்.

இதை மனைவியிடம் சொன்னேன். ஃபிட்டர் வீட்டம்மா முன்பே சொல்லிவிட்டாராம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தேதியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. மே விடுமுறையில் நடந்தது என்றேன் நான். "இல்லீங்க, ஸ்கூல் தொறந்ததுக்கு அப்புறம். புது ஷூவுல எண்ணெய்க் கறை இருந்துச்சு, நாந்தான் தொடச்சுப்போட்டேன்" என்றாள் அவள். எனக்கு ஞாபகம் இருப்பது வெறுங்கால்.

மற்றவர்களுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். எனக்கு எல்லாமே அதில்தான் இருந்தது. பள்ளி திறந்த நாளிலிருந்தே அவள் வகுப்பில் பேசவில்லை என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். கத்தல் ஜூனில் என்றால், அவள் பேச்சு அதற்கு முன்பே நின்றுவிட்டது. மே என்றால், நிறுத்தியது நானாக இருக்கலாம். என் மகள் இனி என்னிடம் பேசுவாளா என்ற பயம் இதற்குள் புகுந்துகொண்டது. நானே காரணமென்றால் பேசமாட்டாள் என்று ஏனோ நினைத்தேன். அப்படி நினைக்க எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் இல்லை.

மறுநாள் பழைய ஸ்டாப்பேஜ் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தறியும் ஒன்றாக நின்று, என் கையெழுத்தில் "கரண்ட் இல்லை" என்று பதிவான சனிக்கிழமை மாலைகள் அந்த இரண்டு மாதத்தில் இரண்டு. மே மாதத்தில் ஒன்று, பதினைந்து நிமிடம். ஜூனில் ஒன்று, பதினைந்து நிமிடம். இரண்டில் ஒன்றில் உண்மையாகவே கரண்ட் போயிருக்கிறது. மற்றது என் பொய். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மை ஒன்று, அழுத்தம் ஒன்று, எழுத்து ஒன்று. உண்மையையும் பொய்யையும் நான் ஒரே நிதானத்தோடு எழுதியிருக்கிறேன்.

ஃபிட்டரிடம் கேட்டேன். மழைக்காலம் என்றார். பாவு போடுகிற பெண்ணிடம் கேட்டேன். கோயில் திருவிழாவுக்கு நோன்பு சாட்டின வாரம் என்றார், பிறகு அது போன வருடமோ என்றார்.

அந்தம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதியாக இருந்தாலும் அவள் இப்போது இருக்கிற இடத்திலிருந்துதான் நாம் தொடங்க முடியும் என்றார். எந்தக் காரணமும் தனியாக இருப்பதில்லை, சில குழந்தைகளுக்குக் காரணம் கடைசிவரை தெரிவதே இல்லை என்றார். மன்னிப்புக் கேட்கலாமா என்றேன். சுருக்கமாகக் கேளுங்கள், பதில் எதிர்பார்க்காதீர்கள் என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவளுக்குக் கை கழுவிவிடும்போது கேட்டேன்.

"அன்னைக்கு அப்பா அப்படிக் கத்துனது தப்பு கண்ணு. உம்மேல தப்பு இல்ல."

அவள் சோப்பைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரச் செவ்வாயன்று அந்தம்மா என்னை உள்ளே அழைத்தார். மகள் கேட்டாளா, அவராகவே அழைத்தாரா என்பது தெரியாது. வாசலில் எனக்கு அறிவுரை சொன்னார். "இங்க பாப்பாதான் மொதலாளி. கூப்பிட்டா போங்க, நிறுத்துனா நில்லுங்க. கேக்காதீங்க, பாராட்டாதீங்க, எண்ணச் சொல்லாதீங்க."

நோட்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் நூல்கண்டை எடுத்து ஒரு நாற்காலிக் காலிலிருந்து எதிர் நாற்காலிக் காலுக்குக் கட்டினாள். திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பச்சை, மஞ்சள், பச்சை. இருபது நிமிடத்தில் வரிசையாக இழைகள். இது பாவு, இவள் தறி கட்டுகிறாள் என்று எனக்குள் துள்ளியது. அப்படி நான் முடிவுசெய்த மறுநிமிடம் பொம்மையின் சட்டையை எடுத்து அதில் காயப்போட்டாள். கொடியா, பாவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "நெறையக் கட்டிப்போட்டீங்க கண்ணு" என்றார் அந்தம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் ஒரு பாட்டில் மூடியைக் களிமண்ணால் சுவரில் ஒட்டினாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் நூலுக்கு அடியில் உட்காரவைத்து, தலையை அழுத்திக் குனியவைத்தாள். மூடியை அமுக்கினாள். அப்படியே அசையாமல் நின்றாள். "எல்லாம் நின்னுபோச்சு" என்று அந்தம்மா மெதுவாகச் சொன்னார். நான் குனிந்தபடியே இருந்தேன்.

அவள் வந்து எனக்கு முன்னால் மண்டியிட்டாள். களிமண் ஈரத்தோடு இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளைப் பொத்தினாள். உதடுகள் அசைந்தன.

தறிக்குடோனில் வேலை செய்கிறவர்கள் காதால் பேச்சைக் கேட்பதில்லை. பத்துத் தறிக்கு அப்பால் நிற்கிறவன் நூல் கேட்கிறானா, டீ கேட்கிறானா என்பதை உதட்டைப் பார்த்தே சொல்லுவோம். குடோனுக்குப் பின்னால் வளர்ந்தவள், அது அவளுக்கும் தெரியும். நான் பார்த்தது இது.

"போடுங்கப்பா."

நூல்களுக்கு நடுவே கையை விட்டு, சுவரில் இருந்த மூடியை எட்டி அமுக்கினேன். ஓர் இழை அறுந்தது. அவள் கைகளை எடுத்தாள். மணல் தட்டுக்குப் போய், பசுவுக்குச் சோறு ஆக்க ஆரம்பித்தாள். நேரம் முடியும்வரை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என் காதைக் காப்பாற்றினாளா, நான் கேட்கக் கூடாது என்று பொத்தினாளா, அல்லது மற்ற குழந்தைகளோடு ஆடும் ஏதோ ஓர் ஆட்டமா என்று படியிறங்கும்போது அந்தம்மாவிடம் கேட்டேன். அர்த்தம் எனக்கும் தெரியாதுங்க, அவளுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றார். குரல் வந்ததா என்று கேட்டேன். "நான் அவளுக்குப் பின்னால இருந்தேனுங்க. மில்லு வேற ஓடிட்டு இருந்துச்சு. வந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. இரண்டு செவ்வாய்கள் அவள் என்னை உள்ளேயே விடவில்லை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில், பலகையைப் பார்க்காமல் நான் ஏறப்போனபோது சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது நம்ம பஸ் இல்லீங்க" என்றாள். பக்கத்தில் மனைவி இருந்தாள், அவளுக்கும் கேட்டது. நவம்பரில் வகுப்பில் ஒரு தோழிக்கு மட்டும் காதோடு பாடம் வாசித்துக் காட்டியதாக ஆசிரியை சொன்னார். வருகைப் பதிவுக்கு இன்னும் கைதான் தூக்குகிறாள். மாடி அறைக்கு இன்னும் போகிறோம். அவள் பேச்சு விளையாட்டால் வந்ததா, மாவு மில்லால் வந்ததா, நான் கேள்வி கேட்பதைக் குறைத்ததால் வந்ததா, நாள் ஆக ஆகத் தானாக வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஃபிட்டர் மட்டும், அந்த இடத்தின் முகவரியைத் தங்கச்சி மகளுக்காக என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

புது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளுக்கென்று புதிதாக ஒரு வரிசை இழுத்து நேற்று நிரப்பினேன். நின்ற நாள்: தெரியவில்லை, நான் கத்திய சனிக்கிழமை மேயா ஜூனா என்பதும் தெரியவில்லை. மறுபடி ஓடிய நாள்: செப்டம்பர் இரண்டாம் வாரச் செவ்வாய், மாலை 4.55, மாடி அறை. காரணக் கட்டம் காலியாக இருக்கிறது. ஓடிய நாளாக அக்டோபர் ஞாயிறைத்தான் எழுத வேண்டும் என்கிறாள் மனைவி, அதற்கு மட்டும்தான் சாட்சி உண்டு என்கிறாள். மகளிடமே கேட்டுவிடலாம், இப்போது அவள் பதில் சொல்லக்கூடும். கேட்கவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை என்றே எழுதி, ஓரத்தில் குறித்திருக்கிறேன்: உதடு அசைந்தது, பார்த்தேன், குரல் வந்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.